உதைக் குடுத்தாத்தான் சரிவரும்

நான் பார்ப்பது தணிக்கை வேலை. அம்பத்தூரில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோருக்குள் போனது எது, வெளியே வந்தது எது என்று துருவிக்கொண்டிருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே சந்தேகம் என்பது என் கெட்ட குணம் இல்லை, பிழைப்பு. டொரண்டோ விமான நிலையத்தில் ஓர் அதிகாரி சிரித்த முகத்தோடு, "நல்லபடியாகத் தங்கிவிட்டுப் போங்கள்" என்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. எந்த ஊரில் அதிகாரி சிரிக்கிறார்? பெட்டியை வெளியே எடுத்து, பூட்டு சரியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்த பிறகுதான் நடந்தேன்.

வந்தது தங்கை சுதாவுக்காக. அவளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி அவள்தான் சென்னைக்கு வந்திருக்க வேண்டும். டாக்டர் விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு விசா கொடுக்க மறுத்துவிட்டார்கள். அப்பா இல்லை. மிச்சம் இருந்தது நான்தான். ஆபீசில் லீவு கேட்டால் மேலாளர் ரங்கராஜன் சார், "லீவெல்லாம் கிடையாதும்மா. லேப்டாப்பை எடுத்துட்டுப் போங்க, அங்கேர்ந்தே வேலை பாருங்க. வியாழக்கிழமை காலைல வெளி ஆடிட்டர்ஸ் வர்றாங்க. அதுக்குள்ள உங்க ரிப்போர்ட் சிஸ்டத்துல ஏறியிருக்கணும். இல்லேன்னா அடுத்த ஃப்ளைட்ல நீங்க இங்க இருக்கணும்" என்றார். சுதாவுக்கு நாள் குறித்திருந்தது அதற்கு அடுத்த வாரம்.

சுதாவின் கணவர் துஷ்யந்தன் என்னை அழைத்துப் போக வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதில் இங்கே வந்தவர். சுதா இங்கே படிக்க வந்த இடத்தில் பார்த்துப் பேசிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணத்துக்குச் சென்னை வந்தபோது பார்த்தது, அதற்கப்புறம் வீடியோவில்தான். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்கோ மச்சாள், பயணம் சுகமோ?" என்றார். எங்கள் ஊரில் மச்சான் என்பது டீக்கடையில் தோளில் கை போட்டுக் கூப்பிடுகிற வார்த்தை. என்னை எவரும் மச்சாள் என்று கூப்பிட்டதில்லை. பெண்டாட்டியின் அக்காவை அப்படிக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம் என்று சுதா முன்பே சொல்லியிருந்தாள். இருந்தாலும் முதல் வார்த்தையிலேயே உரிமை எடுத்துக்கொள்கிற ஆளைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஸ்காபரோவில் அவர்கள் வீடு ஓர் அடுக்குமாடியில். லிஃப்ட்டுக்குள் நுழைந்ததும் மீன்குழம்பு வாசனை, அதற்கு மேல் சாம்பிராணி. ஒரு மணி நேரம் காரில் வந்தோம், ஒருத்தன் ஹாரன் அடிக்கவில்லை. இத்தனை வண்டியும் சத்தமில்லாமல் போனால் என்னவோ நடந்திருக்கிறது, நமக்குத்தான் சொல்லவில்லை என்று என் மனம் அடித்துக்கொண்டது. சாப்பாட்டுக்குப் புட்டும், மஞ்சளாகத் தண்ணீர்போல் ஒன்றும் வைத்தார்கள். சொதி என்றார்கள். நேற்றைய குழம்பில் வெந்நீர் விட்டிருப்பார்களோ என்று பார்த்தேன். வாயில் வைத்தால் தேங்காய்ப்பால், எலுமிச்சை, பச்சைமிளகாய். கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

சாப்பிடும்போதுதான் சுதாவின் முழங்கை மடிப்பில் கறுப்பாக ஒரு கன்றலைப் பார்த்தேன். "என்னடி இது?" என்றேன். "ரத்தம் எடுத்தாங்கக்கா, ஊசி சரியா இறங்கல" என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். மனதுக்குள் குறித்தும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கள். காலையில் போனைத் திறந்தால் ஆபீஸ் மெயில்: உங்கள் பாஸ்வேர்ட் காலாவதியாகிவிட்டது, இந்த இடத்தில் தட்டி மாற்றிக்கொள்ளுங்கள். இப்படி மெயில் அனுப்பித்தான் ஆட்களைக் கவிழ்க்கிறார்கள் என்று வருடா வருடம் எங்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். நானா தட்டுவேன்? சென்னையில் அப்போது மாலை ஆகிக்கொண்டிருந்தது. ஐ.டி. பிரிவுக்குப் போன் போட்டேன். எடுத்த பையன், "மெயில் நிஜம்தான் மேடம். நானே மாத்திவிடறேன், புதுசு ஒண்ணு சொல்றேன், எழுதிக்கங்க" என்றான். அவன் நிஜமாகவே எங்கள் ஐ.டி. பிரிவுதானா என்று தெரிந்துகொள்ள, கேண்டீனில் திங்கட்கிழமை என்ன போடுவார்கள் என்று கேட்டேன். "கிச்சடி மேடம், யார் அதைச் சாப்பிடறா" என்றான். எங்கள் ஆள்தான்.

லேப்டாப்பைத் திறந்து புதிய பாஸ்வேர்டைப் போட்டேன். தவறு என்றது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் சரிபார்த்துப் போட்டேன். தவறு. மறுபடி போன்.

"ஆபீஸ் நெட்வொர்க்ல கனெக்ட் பண்ணிட்டுப் போடுங்க மேடம், எடுத்துக்கும்."

"நான் கனடாவுல இருக்கேம்ப்பா."

"அப்ப வி.பி.என். போட்டு உள்ள வாங்க."

வி.பி.என். என்பது வெளியூரிலிருந்து ஆபீசுக்குள் போக ஒரு சந்து. அந்தச் சந்தின் கதவு லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது.

"லேப்டாப் திறந்தாத்தானே அதைப் போட முடியும்?"

"ஆமா மேடம்."

"வி.பி.என். போட்டாத்தான் லேப்டாப் திறக்கும்ங்கறே."

"ஆமா மேடம்."

"அப்ப என்ன பண்றது?"

அவன் கொஞ்சம் யோசித்து, "ஒரு தடவை ஆபீசுக்கு எடுத்துட்டு வந்துடுங்களேன்" என்றான்.

பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நிற்கிற கதை. எனக்கு அழுகை வந்தது. ரங்கராஜன் சாருக்குச் சொன்னால், "பாருங்கம்மா, புதன் வரைக்கும் பாருங்க. டிக்கெட் போடச் சொல்லி டிராவல்ஸ்கிட்ட இப்பவே சொல்லி வைக்கறேன்" என்றார். அவர் என்னைக் கனடாவுக்கு அனுப்பியதே தப்பு என்று நினைக்கிற ஆள். இந்த பாஸ்வேர்ட் காலாவதி தற்செயல்தானா என்றுகூட எனக்கு ஓடியது.

சுதாவிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "நீ போயிடுவியா?" என்று கேட்டாள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஸ்கூல் வாசலில் நான் அவளை விட்டுவிட்டுத் திரும்பும்போது அழாமல் இருக்க அவள் சிரிக்கிற சிரிப்பு. "போகமாட்டேன்" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

துஷ்யந்தன் வேலையிலிருந்து வந்து லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "மச்சாள், நான் ஒருக்காப் பாக்கட்டோ?" என்றார். "வேண்டாங்க, இது ஆபீஸ் சமாசாரம், பாஸ்வேர்ட் விஷயத்துல வெளியாளை விடக் கூடாது" என்று மூடிவிட்டேன். வெளியாள் என்ற சொல் கொஞ்சம் அதிகம்தான். அவர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைத்தெரு என்றால், கார் நிறுத்த ஒரு மைதானமும் அதைச் சுற்றிக் கடைகளும். பிளாசா என்கிறார்கள். நகைக்கடை, ரோல்ஸ் கடை, வக்கீல், பல் டாக்டர் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பலகை. 'ரொறன்ரோ' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, ஊர்ப் பெயரையே தப்பாக எழுதுகிறவன் என்ன வக்கீல் என்று நினைத்தேன். அடுத்த பலகையிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. ஊரே சேர்ந்து தப்புச் செய்ய முடியாது, நான்தான் வெளியூர் என்று புரிந்தது.

போன் ரிப்பேர் கடை ஒன்றில் லேப்டாப்பைக் காட்டினேன். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போட்டுத் தாறன் அக்கா, பின்னேரம் வாங்கோ" என்றார். பாதி எழுதிய என் ரிப்போர்ட்டும் அதற்குள்தான் இருந்தது. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மட்டன் ரோலை வாங்கித் தின்றபடி நடந்தேன். அதுமட்டும் அன்று எனக்கு வஞ்சனை செய்யவில்லை.

வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறந்து செருப்பைக் கழற்றும்போது சமையலறையில் துஷ்யந்தன் போனில் பேசுவது கேட்டது. குரலைத் தாழ்த்திப் பேசினார். தாழ்த்திப் பேசினால் என் காது தானாகக் கூர்மையாகிவிடும்.

"ஓம் அன்ரி. உதைக் குடுத்தாத்தான் சரிவரும் எண்டு நானும் நினைச்சனான்... இல்லை, அவவுக்கு இன்னும் சொல்லேல்லை. சொன்னாச் சந்தேகப்படுவா... ஓம், வேற வழியில்லை. உதைக் குடுத்தா அடங்கிடும்."

கழற்றிய ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றேன். உதை கொடுத்தால்தான் சரிவருமா? யாருக்கு? யார் அடங்க வேண்டும்? நிறைமாதப் பெண்ணுக்கா? இதற்கு அன்ரி, அதாவது ஆன்ட்டி, ஒருத்தி வேறு யோசனை சொல்கிறாளா? முழங்கைக் கன்றல் கண் முன்னால் வந்து நின்றது. ஊசி இறங்கவில்லையாம். அடி வாங்குகிற பெண்கள் எல்லாருமே இப்படி ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி வருடக்கணக்கில் மாடிப்படியில் விழுந்துகொண்டே இருந்தாள்.

அவர் என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு, "மச்சாள், எங்கட ராஜி அன்ரி இருக்கிறா. சென் ஜேம்ஸ் ரவுணில. உந்த வேலைதான் அவவுக்கு. நாளைக்கு லப்ரொப்பைக் கொண்டுபோய் அவவிட்டக் காட்டுங்கோவன்" என்றார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் குளிக்கப் போனதும் சுதாவிடம் நேராகவே கேட்டேன். "உன்னை அடிக்கிறாரா?" அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "யாரு, துஷியா? கரப்பான்பூச்சியையே பேப்பர்ல எடுத்து வெளில விடற ஆளு, அக்கா" என்றாள். நான் நம்பவில்லை. வேலை போனாலும் சரி, இவளைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் வேலை போனால் அம்மாவின் மருந்துக்கு என்ன வழி? ஆகவே லேப்டாப்பும் திறந்தாக வேண்டும், இந்த அன்ரி யார் என்றும் தெரிந்தாக வேண்டும். தணிக்கையில் இதற்கு நேரடி ஆய்வு என்று பெயர்.

புதன்கிழமை காலை துஷ்யந்தன் வேலைக்குப் போன பிறகு கிளம்பினேன். "போனைப் பக்கத்துலயே வெச்சுக்கோ. எதுன்னாலும் கூப்பிடு" என்று சுதாவிடம் சொன்னேன். பஸ்ஸிலிருந்து பாதாள ரயிலுக்கு மாறி, சபேர்ன் ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் சொன்ன வழியிலேயே ஏன் போக வேண்டும் என்று, அங்கே இறங்காமல் மேலே போய், வேறு ரயில் மாறி, ஒரு டிராமில் ஏறினேன். நல்ல சிவப்பு டிராம். பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் ஒலிபெருக்கியில், "இந்த வண்டி இத்தோடு திரும்புகிறது. எல்லோரும் இறங்கி அடுத்ததில் ஏறிக்கொள்ளுங்கள்" என்றார்.

ஒருவர் வாய் திறக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் கண்டக்டரை நடுவில் நிறுத்தி நாலு பேர் நியாயம் கேட்டிருப்பார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "அம்மா, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?" என்றார். கீழே நாயோடு நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரம்மா, "இது இங்கே எப்போதும் நடப்பதுதான். கோபப்பட்டால் குளிர்தான் அதிகமாகும்" என்றாள். ஏப்ரல் மாதம். நடைபாதை ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். ரவுண் என்றாரே, வட்டமாக ஏதாவது வரும் என்று தேடினேன். டவுன் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று, அந்த இடத்தை இரண்டு தரம் கடந்துபோன பிறகு ஒரு தமிழ்ப் பெண் சொன்னாள்.

உயரமான கட்டடங்கள், காற்று முகத்தில் அறைந்தது. கதவைத் திறந்த ராஜி அன்ரிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கட்டை முடி, கண்ணாடி, கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. ஒரு பெரிய ஆபீசின் ஐ.டி. உதவிப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. யோசனை சொல்லி உதைக்க வைக்கிற முகம் இதுதானா என்று உற்றுப் பார்த்தேன். அவர் இஞ்சித் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ பிள்ளை. உதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதை?"

"உதை. உங்கட கைப்பையை. தேத்தண்ணி ஊத்துப்படப் போகுது."

பையை நகர்த்தினேன். "சரி, இப்ப உதைத் திறவுங்கோ" என்றார். லேப்டாப்பைக் காட்டினார். திறந்தேன். "உதை அமத்துங்கோ" என்றார். மூலையில் இருந்த பொத்தானைக் காட்டினார். நான் அமுக்கவில்லை.

"அன்ரி, உதைன்னா என்ன?"

"உதை எண்டா உதை. உது." அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "உங்கட ஊரில உது இல்லையோ? இது எண்டா எனக்குக் கிட்ட இருக்கிறது. அது எண்டா அங்கால தூர இருக்கிறது. உது எண்டா உங்களுக்குக் கிட்ட. நீங்கள் ஒண்டைச் சொன்னாலும், அதுவும் எனக்கு உதுதான்."

நான் தேநீரைக் குடித்தேன். நாக்கு சுட்டது. "அப்ப நேத்து துஷ்யந்தன் உங்ககிட்டப் பேசினப்ப, உதைக் குடுத்தாத்தான் சரிவரும்னது..."

"பழைய பாஸ்வேட்டைக் குடுத்தாச் சரிவரும் எண்டு நான் சொன்னனான். தானும் உதைத்தான் நினைச்சவனாம். உங்களிட்டப் பழைய பாஸ்வேட்டைப் போடச் சொன்னாச் சந்தேகப்படுவீங்கள், அன்ரி நீங்களே சொல்லுங்கோ எண்டவன்."

"உதைக் குடுத்தா அடங்கிடும்னாரே?"

"லப்ரொப்புத்தான், வேற ஆர்? ஏன், நீங்கள் என்ன நினைச்சனீங்கள்?"

சொல்லிவிட்டேன். முழங்கைக் கன்றலிலிருந்து எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. அன்ரி முதலில் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "தாய் செத்தாப் பிறகு துஷி இந்த வீட்டிலதான் கொஞ்சக் காலம் இருந்தவன். அவனைப் போய்..." என்று ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார். "நான் அவனுக்குச் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும். இப்ப பழையதைப் போடுங்கோ."

"அது காலாவதி ஆயிடுச்சே அன்ரி."

"ஆருக்கு? சென்னைக்கு. உந்த லப்ரொப் அங்க இருந்து வெளிக்கிட்டாப் பிறகு ஆபீசோட கதைக்கேல்லை. புதுசு வந்த கதை அதுக்குத் தெரியாது. கடைசியாத் தெரிஞ்சதிலயே நிக்குது. எங்கட ஆக்கள் கனபேர் அப்பிடித்தான்."

சொல்லிவிட்டு எழுந்து பால்கனிப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் பாஸ்வேர்ட் போடுவதைப் பார்க்கக் கூடாதாம். இந்த ஊருக்கு வந்து, நான் யாரையும் சந்தேகப்படாமல் செய்த முதல் காரியம் அந்தப் பழைய பாஸ்வேர்டைப் போட்டது. லேப்டாப் ஒரு வார்த்தை பேசாமல் திறந்துகொண்டது.

"இப்ப என்ர இன்ரநெற்றில பிடிச்சு வி.பி.என். போடுங்கோ. அதுக்குப் புதுசு. அது ஆபீசிட்டத்தானே கேக்கும்" என்றார் திரும்பாமலே. போட்டேன். போன் அதிர்ந்தது: வழக்கமில்லாத இடத்திலிருந்து யாரோ உங்கள் கணக்கில் நுழைகிறார்கள், அது நீங்கள்தானா? ஆமாம் என்று தட்டினேன். "ரெண்டும் சந்திச்சிட்டுதோ? இனி ஒருக்காப் பூட்டிப்போட்டுப் புதுசைப் போட்டுத் திறவுங்கோ." திறந்தது. பாக்கி ரிப்போர்ட்டை அங்கேயே அவர் மேசையில் உட்கார்ந்து முடித்து, ஏற்றி, ரங்கராஜன் சாருக்குத் தகவல் அனுப்பினேன். "ஓகே. டிக்கெட் வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று பதில் வந்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். அன்ரி இன்னொரு தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

திரும்பும்போது சபேர்ன் வழியாகவே வந்தேன். வீட்டில் துஷ்யந்தன் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். "சரிவந்ததோ மச்சாள்?" என்றார். "ஓம்" என்றேன். என் வாயில் அவர்கள் ஊர் 'ஆமாம்' எப்படி வந்தது என்று தெரியவில்லை. பிறகு அங்கேயே நின்று, செவ்வாய்க்கிழமை என் காதில் விழுந்ததையும் நான் நினைத்ததையும் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். பொரிந்த மீனை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தார்.

"நீங்கள் அவவின்ர அக்கா. கேக்கத்தானே வேணும்" என்றார். "கேக்காம விட்டிருந்தாத்தான் எனக்குக் கவலை."

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் உப்பை நகர்த்தச் சொல்வதானாலும், "மச்சாள், பயப்பிடாதேங்கோ, உதை ஒருக்காத் தாங்கோ" என்பார். சுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீங்க என்று கெஞ்சுவாள்.

பிள்ளை அடுத்த வாரம் பிறந்தது. பெண். ஆஸ்பத்திரி அறையில் சுதா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், துஷ்யந்தன் ஜன்னல் பக்கம் நின்று சொந்தக்காரர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். பிள்ளை என் மடியில். துணியைச் சுற்றச் சுற்ற, காலால் எத்தி எத்தி வெளியே தள்ளியது. கட்டைவிரல் அளவு பாதம், இத்தனை கோபமா என்று இருந்தது. அவர் அங்கிருந்தே, "மச்சாள், உதை மூடிவிடுங்கோ, குளிரும்" என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை. உள்ளங்கைக்குள் அது உதைத்துக்கொண்டிருந்தது. மூடிவிட்டேன்.

பக்கத்தில் போன் அதிர்ந்தது. ஆபீஸ். ஆஸ்பத்திரி இன்டர்நெட்டைக் கண்டு, வழக்கமில்லாத இடம், அது நீங்கள்தானா என்று மறுபடி கேட்டது. பதில் சொல்லாவிட்டால் கணக்கைப் பூட்டிவிடுவார்கள். கை இரண்டும் வேலையாக இருந்தன. பூட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.